பார்வையற்றோரின் காதை விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்வையற்றோர் உடலில் அணிந்துகொள்ளும் நவீனக் கருவிகளைப் பற்றி உங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைக் கைப்பேசியின் வாசிப்புக் குரலில் இரண்டு முறை கேட்டேன். எதிரில் இருப்பதைக் கேமராவால் கண்டு, செயற்கை நுண்ணறிவால் அதை வாக்கியமாக்கி, காதில் ஓயாமல் சொல்லிக்கொண்டே வரும் மூக்குக்கண்ணாடியைக் கட்டுரையாளர் அக்கறையோடு விவரித்திருந்தார். அந்த அக்கறைக்கு நன்றி. ஆனால், ஓயாமல் சொல்லிக்கொண்டே வருவதை அக்கருவியின் பெருஞ்சிறப்பாக அவர் எழுதியிருந்த இடத்தில் எனக்கு மாறுபட்ட கருத்து இருக்கிறது. இருபத்தொன்பதாவது வயதில் பார்வையை முழுமையாக இழந்து, பதினெட்டு ஆண்டுகளாக வெண்கோலின் துணையோடு தனியாக நடமாடி வருகிறவன் என்ற முறையில், அந்தக் கருத்தைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

சாலையைக் கடப்பதற்காக ஓரத்தில் நிற்கும்போது என் காது செய்யும் வேலைகளைச் சொன்னால் நான் கூற வருவது விளங்கும். நான் செல்லும் திசையில் ஓடும் வாகனங்கள் ஒருசேரப் புறப்படும் ஓசையைக் கேட்டுத்தான், குறுக்கே செல்பவை நின்றுவிட்டன என்று தெரிந்துகொள்கிறேன். அந்த ஓட்டத்தின் ஒலியைத் தோளுக்குப் பக்கவாட்டிலேயே வைத்துக்கொண்டு நடந்தால்தான் கோணாமல் எதிர்ப்புறம் போய்ச் சேர முடியும். மின்சார வாகனம் மெதுவாக வரும்போது எஞ்சின் ஓசை இருக்காது. டயர் தரையில் உருளும் மெல்லிய சரசரப்பு ஒன்றுதான் அதற்கு அடையாளம். கட்டடத்தை ஒட்டி நடக்கையில் என் காலடி ஓசையும் கோல் தட்டும் ஓசையும் சுவரில் பட்டுத் திரும்புகின்றன. சுவர் முடிந்து சந்து தொடங்கும் இடத்தில் அந்த ஓசை சட்டென்று அகன்று, முகத்தின் ஒரு பக்கம் திறந்துகொண்டதைப் போல இருக்கும். இத்தனையையும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறவனின் காதில், முன்னால் மூன்று மீட்டரில் ஒரு மரம், வலப்புறம் இருவர் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு குரல் வாக்கியம் வாசிக்கத் தொடங்கினால், அந்த வாக்கியம் முடிவதற்குள் நான் கேட்க வேண்டிய வேறொன்று என்னைக் கடந்து போயிருக்கும். காதை அடைக்காமல் எலும்பின் வழியே ஒலியைக் கடத்தும் ஹெட்போன்கள் இதற்குத் தீர்வு என்கிறார்கள். நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். காது திறந்தே இருக்கிறது என்பது உண்மை. ஆனால் கவனம் அடைபட்டுப் போகிறது.

மூக்குக்கண்ணாடி பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்தில் ஒரு கடிதத்தையோ மருந்துப் பெட்டியின் மேலிருக்கும் எழுத்தையோ வாசிக்க அதைவிட நல்ல துணை இல்லை. நடக்கும்போதுதான் சிக்கல். நடக்கிறவருக்குக் காது ஏற்கெனவே கண்ணின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர் பரப்புக்குத் தோல் இருக்கிறது. நடக்கும் நேரத்தில் அதன் பெரும்பகுதிக்கு வேலை எதுவும் இல்லை. சேதியை அங்கே சொல்லுங்கள் என்பதே என் கோரிக்கை. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் தோலிடம் எதை, எங்கே, எவ்வளவு சொல்வது என்பதில் பலரும் தவறியிருக்கிறார்கள். அதைத்தான் விளக்க விரும்புகிறேன்.

தோலை அளந்து செய்த முதல் பெரிய வெற்றி, பார்வையற்றோர் விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்து. பிரான்சில் சார்ல் பார்பியே என்பவர் பன்னிரண்டு புள்ளிகளைக் கொண்ட ஒரு தொடு எழுத்து முறையை அதற்கு முன்பே உருவாக்கியிருந்தார். மூன்று வயதில் கண்ணில் ஏற்பட்ட காயத்தால் பார்வையை இழந்த லூயி பிரெயிலுக்கு, பள்ளியில் அந்த முறை அறிமுகமானது. பன்னிரண்டு புள்ளிகளின் உயரம் விரல் நுனிக்குள் அடங்குவதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் விரலை மேலும் கீழும் நகர்த்தியாக வேண்டும். பதினைந்து வயதிலேயே பிரெயில் அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கிவிட்டார். 1829-ல் நூலாகவும் வெளியிட்டார். இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில், அரை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தப் புள்ளிகள் விரல் நுனி ஒருமுறை படும்போதே முழு எழுத்தாகப் புரிந்துவிடுகின்றன. தொட்டுப் படிக்க வேண்டியவரே அமைத்த முறை என்பதால்தான் அதில் அந்த அளவு சரியாக வந்தது என்று நான் நம்புகிறேன்.

அந்த அளவு ஏன் சரியாக வந்தது என்பதை ஜெர்மனியின் உடலியல் அறிஞர் எர்ன்ஸ்ட் வெபர் சில ஆண்டுகளில் அளந்தே காட்டினார். கவராயத்தின் இரு முனைகளைத் தோலின் மேல் வைத்து, அவை இரண்டாகத் தெரிகின்றனவா, ஒன்றாகத் தெரிகின்றனவா என்று கேட்டு, உடலின் பகுதிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, 1834-ல் முடிவுகளை வெளியிட்டார். விரல் நுனியில் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் இரு முனைகளைப் பிரித்தறிய முடிகிறது. முதுகிலோ நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு விலக்கி வைத்தால்தான் இரண்டு என்று தெரியும். முன்னங்கையும் ஏறத்தாழ முதுகைப் போலத்தான். ஒரு மணிக்கட்டுப் பட்டைக்குள் எட்டு அதிர்வு மோட்டார்களை நெருக்கி வைத்து, எட்டுத் திசைகளையும் அதில் காட்டுவதாகச் சொல்லும் விளம்பரத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வெபரின் கவராயம்தான் நினைவுக்கு வருகிறது. அதிலும் அதிர்வு என்பது எலும்பின் வழியே சுற்றுவட்டாரம் முழுவதும் பரவக்கூடியது. தோலின் ஆழத்தில் அதிர்வை உணரும் நுண்ணுறுப்புகள் நொடிக்கு 200 முதல் 300 முறை வரையிலான அதிர்வுக்கு மிகுந்த கூர்மையோடு விழித்துக்கொள்ளும். ஆனால் அது எந்த இடத்திலிருந்து வந்தது என்று துல்லியமாகச் சொல்வது அவற்றின் வேலையன்று.

தோலின் வழியே காட்சியை உணர முடியுமா என்ற கேள்விக்குத் துணிந்து விடை தேடியவர் அமெரிக்காவின் நரம்பியல் அறிஞர் பால் பாக்-இ-ரீட்டா. பழைய பல் மருத்துவ நாற்காலி ஒன்றின் முதுகுச் சாய்வில், இருபது வரிசையில் இருபதாக நானூறு அதிர்முனைகளைப் பதித்து, ஒரு தொலைக்காட்சிக் கேமரா காணும் காட்சியை அவற்றின் வழியே அமர்ந்திருப்பவரின் முதுகில் வரைந்துகாட்டினார். அந்த ஆய்வு 1969-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளிவந்தது. பிறவியிலேயே பார்வையில்லாதவர்கள் பயிற்சிக்குப் பின் தொலைபேசி போன்ற பொருள்களையும் மனித முகங்களையும் அடையாளம் கண்டார்கள். ஆனால் அந்த ஆய்வில் நான் மிகவும் மதிக்கும் செய்தி வேறு. கேமரா அசையாமல் இருந்தபோதும், மற்றவர்கள் அதை அசைத்தபோதும், அமர்ந்திருந்தவருக்கு முதுகில் ஏதோ குறுகுறுப்பு மட்டுமே தெரிந்தது. கேமராவைத் தாமே திருப்பவும் நகர்த்தவும் தொடங்கிய பிறகுதான், முதுகில் இருந்த உணர்வு மறைந்து, பொருள் தமக்கு முன்னால் வெளியே இருப்பதாக அவர்கள் உணர்ந்தார்கள். காட்சியைப் பெரிதாக்கும் கேமரா லென்ஸைத் திடீரென்று திருகியபோது, எதுவோ பாய்ந்து வருகிறது என்று கையை உயர்த்திப் பின்னால் சாய்ந்தார்களாம். அதிர்வு வந்ததோ முதுகுப் பக்கத்திலிருந்து. தேடும் கை யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெண்கோல் எங்களுக்குக் கோலாகத் தெரியாமல் தரையாகத் தெரிவதும் இதனால்தான்: அதை வீசுவது நாங்கள்.

அந்த ஆராய்ச்சியின் வழியில் பின்னாளில் நாக்கின் மேல் வைக்கும் கருவி ஒன்றும் வந்தது. பிரெயின்போர்ட் என்ற அக்கருவிக்கு 2015-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத் துறை அனுமதி வழங்கியது. நாக்கு ஈரமானது, நுண்மையானது. மெல்லிய மின்தூண்டலே போதும். அறிவியலாக அது அருமை. ஆனால் அதை வாயில் வைத்துக்கொண்டு வழியில் எதிர்ப்படுகிறவரிடம் வணக்கம் சொல்ல முடியாது. எங்களுக்கு வழி சொல்லும் முதல் துணை எதிரே வரும் மனிதர்தான். அவரிடம் பேசும் வாயை அடைத்துவிட்டு வேறு எதைத் தந்தாலும் பெரிய பயனில்லை.

என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், காதுக்குக் கேட்காத மீயொலியால் தடையைக் கண்டறிந்து மணிக்கட்டில் அதிரும் பட்டை ஒன்றை வாங்கினேன். முதல் நாள் வீட்டு நடைக்கூடத்தில் கையை மெல்ல இடமிருந்து வலமாக வீசிப் பார்த்தேன். சுவர் இருக்கும்வரை அதிர்வு. திறந்த கதவு வரும் இடத்தில் அமைதி. பிறகு மீண்டும் சுவர். கதவு முழுவதும் திறந்திருக்கிறதா, பாதி மட்டுமா என்பதை அந்த அமைதியின் அகலத்தைக் கொண்டே சொல்ல முடிந்தது. கதவருகில் போகாமல், எதையும் தொடாமல், ஒரு வாசலின் அளவை நான் அறிந்தது பார்வையை இழந்த பிறகு அதுவே முதல் முறை. அன்று அதே கதவைப் பத்துப் பதினைந்து முறை திறந்தும் மூடியும் பார்த்தேன்.

மறுநாள் அதை அணிந்துகொண்டு வெளியே சென்றேன். ஆள் நடமாட்டம் உள்ள நடைபாதையில் எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் ஏதோ ஒன்று இருந்தது. பட்டை ஓயாமல் அதிர்ந்தது. ஓயாத அதிர்வைத் தோல் விரைவில் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடுகிறது. காலையில் கட்டிய கைக்கடிகாரம் மதியம் நினைவில் இல்லாததைப் போல. ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு மரத்துவிட்டது. வீட்டுக்கு வந்து கழற்றிய பிறகும் நெடுநேரம் அது அதிர்ந்துகொண்டே இருப்பதுபோல் பட்டது. உட்கார்ந்திருக்கும்போது தெளிவாகத் தெரிந்த மெல்லிய அதிர்வு, கையை வீசி நடக்கும்போது தெரியவே இல்லை. அசையும் உறுப்பில் தொடுவுணர்வின் கூர்மை குறைவது உடலின் இயல்பு. ஆய்வகத்து நாற்காலியில் உட்காரவைத்துச் சோதிக்கிறவர்களுக்கு இது பிடிபடாது. கனமான மேலாடையின் கை பட்டையை மூடிவிட்டால் மீயொலியும் அதோடு முடிந்தது.

இவற்றையெல்லாம்கூடப் பழகிப் பழகிச் சரிசெய்துகொண்டேன். அறைக்குள் இருக்கும்போது தொலைவைக் குறைத்தும் வெளியில் கூட்டியும் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும் என்று கண்டேன். ஆனால் அந்த மாற்றத்தைக் கைப்பேசிச் செயலியில்தான் செய்ய வேண்டும். அந்தச் செயலியின் பட்டன்களுக்குப் பெயரிட மறந்திருந்தார்கள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் அவற்றை "பட்டன், பட்டன், பட்டன்" என்றுதான் வாசித்தது. பார்வையற்றோருக்கென்றே செய்த கருவியை இயக்க ஒவ்வொரு முறையும் பார்வையுள்ள ஒருவரை அழைக்க வேண்டியிருந்தது. பிறகு ஒருநாள் கைப்பேசியின் இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டபோது செயலி திறக்க மறுத்தது. நிறுவனத்திற்கு எழுதினேன், அந்தத் தயாரிப்பை நிறுத்திவிட்டதாகப் பதில் வந்தது. மோட்டாரும் பேட்டரியும் பழுதில்லாத அந்தப் பட்டை இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் லின்வில், பார்வையற்ற தம் மகள் அச்சிட்ட புத்தகங்களை நேரடியாகப் படிக்க வேண்டும் என்பதற்காக, ஜேம்ஸ் பிளிஸ் என்பவருடன் சேர்ந்து ஆப்டகான் என்ற கருவியை உருவாக்கினார். ஒரு கையால் சிறிய கேமராவை வரியின் மேல் நகர்த்த, மறு கையின் சுட்டுவிரலுக்கு அடியில் 144 நுண்ணூசிகள் எழுத்தின் வடிவத்தில் அதிரும். 1971 முதல் விற்பனைக்கு வந்த அக்கருவியின் வழியே பலரும் கடிதங்களையும் வங்கித் தாள்களையும் பிறர் உதவியின்றிப் படித்தார்கள். 1996-ல் அதன் தயாரிப்பு நின்றது. அதைப் பழகிய விரல்கள் இருந்தன. புதிய கருவியும் உதிரி பாகமும் இல்லாமற்போயின. அண்மைக் காலத்தில், ஓரளவு பார்வை உணர்வைத் தருவதற்காக விழித்திரையின் மேல் பொருத்தப்பட்ட ஆர்கஸ் இரண்டு என்ற கருவியின் ஆதரவை நிறுவனம் நிறுத்தியபோது, கண்ணுக்குள் கருவியைச் சுமந்துகொண்டிருந்தவர்களே கைவிடப்பட்டார்கள். கருவியைப் பழகுவதற்கு நாங்கள் தருவது பணத்தை மட்டுமன்று. மாதக்கணக்கான உழைப்பையும், அதைவிட முக்கியமாக, நடக்கும்போது எங்கள் உயிரை அதனிடம் ஒப்படைக்கும் நம்பிக்கையையும் தருகிறோம்.

இனி, தோலிடம் நன்றாகப் பேசும் கருவி ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பயிற்சி மையத்தில் இடுப்புப் பட்டை ஒன்றைச் சில வாரங்கள் அணிந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஜெர்மனியின் ஓஸ்னாபுரூக் பல்கலைக்கழகத்தில் பேட்டர் கூனிக் தலைமையிலான குழு 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இடுப்பைச் சுற்றிலும் மோட்டார்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்கில் இருக்கும் மோட்டார் மட்டும் அதிரும், வேறொன்றும் இல்லை. அந்த ஆய்விலிருந்து வளர்ந்து வந்த வகையைச் சேர்ந்ததுதான் நான் அணிந்த பட்டை. அதில் பதினாறு மோட்டார்கள். இடுப்பு அகன்ற பரப்பு, ஆகவே வெபரின் கவராயம் கேட்கும் அளவுக்கு மோட்டார்களை விலக்கி வைக்க முடிகிறது. அதோடு, இடுப்புக்கே முன், பின், இடம், வலம் உண்டு; உணர்ந்ததை மனத்தில் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

சுவரோ வேலியோ இல்லாத திறந்தவெளியை நேராகக் கடப்பது பார்வையற்றவருக்கு மிகக் கடினமான காரியம். நேராக நடப்பதாகத்தான் தோன்றும். ஆனால் கால் தன்னையறியாமல் ஒரு பக்கமாகச் சாயும். முப்பது அடி நடப்பதற்குள் வேறு எங்கேயோ போய்விடுவோம். பட்டையில் நான் செல்ல வேண்டிய திசையைக் குறித்துவிட்டு அப்படியோர் மைதானத்தைக் கடந்தேன். தொப்புளுக்கு நேரே மெல்லிய துடிப்பு. நான் வலப்புறம் சாயத் தொடங்கியதும் துடிப்பு இரண்டு விரற்கடை இடப்புறம் நகர்ந்தது. அதை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவரும்படி உடல் தானாகத் திரும்பியது. சிந்திக்கவே நேரமில்லை, தேவையும் இல்லை. அந்நேரம் முழுவதும் என் காது முழுக்க முழுக்க எனக்கே இருந்தது: தொலைவில் பந்து விளையாடியவர்களின் குரலையும், எனக்குப் பின்னால் ஒரு மிதிவண்டி வருவதையும் கேட்டுக்கொண்டே, உடன் வந்த பயிற்சியாளரோடு பேசிக்கொண்டே நடந்தேன். பேசிக்கொண்டே நடப்பது பார்வையுள்ளவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் அதை மறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

பட்டைக்கும் எல்லை உண்டு. திறந்த வானத்தின் கீழும் கைப்பேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ ஐந்து மீட்டர் வரை பிசகும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். திசையைத் தரும் பட்டையால் கதவைக் காட்ட முடியாது. பள்ளத்தையும் படியையும் அதற்குத் தெரியாது. அவற்றைக் கண்டுபிடிக்க என் கையில் கோல் இருக்கிறது. வெண்கோல் அடுத்த காலடியில் என்ன இருக்கிறது என்பதை மின்சாரமே இல்லாமல், ஒரு நாளும் தவறாமல் சொல்கிறது: கல்லா, மண்ணா, இரும்பு மூடியா, ஈரமா, இறக்கமா என்று. இடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையையும் பெட்டியையும் தூரத்துத் திசையையும்தான் அதனால் சொல்ல இயலாது. கருவிகள் அந்தக் குறையை நிரப்பினால் போதும். 'வெண்கோலுக்கு விடை கொடுங்கள்' என்ற பாணியில் எழுதப்படும் தலைப்புகள் எங்களைப் புண்படுத்துகின்றன. பழக்கமில்லாத புதியவர்களை விபத்திலும் தள்ளிவிடக்கூடும்.

அதிர்வை ஒரு மொழியாகவே வளர்க்க முடியும் என்பதும் பழைய செய்தி. ஃபிராங்க் கெல்டார்டு என்ற உளவியலாளர் மார்பின் மேல் ஐந்து அதிர்விகளை வைத்து, மூன்று வலிமை, மூன்று கால அளவு என்று பிரித்து, நாற்பத்தைந்து குறிகளைக் கொண்ட ஒரு மொழியை 1957-ல் விவரித்தார். பயின்றவர் ஒருவர் நிமிடத்துக்கு 38 சொற்கள் வரை புரிந்துகொண்டார். ஆனால் நடக்கிறவருக்கு நாற்பத்தைந்து குறிகள் வேண்டாம். நான்கோ ஐந்தோ போதும். அவையும் ஒன்றோடொன்று குழம்பாதபடி வேண்டும். மற்ற நேரம் முழுவதும் கருவி வாய்மூடி இருக்க வேண்டும். அமைதியாக இருக்கும்போது ஆபத்தில்லை என்று நான் நம்ப முடிய வேண்டுமானால், பேட்டரி தீர்ந்த அமைதியையும் பாதுகாப்பின் அமைதியையும் பிரித்துக் காட்டும் ஒரு மெல்லிய துடிப்பு அவ்வப்போது வந்துபோக வேண்டும். இந்தச் சிறிய ஏற்பாட்டை நான் பயன்படுத்திய கருவிகளில் ஒன்றிலும் காணவில்லை.

எளிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு என் கையிலேயே இருக்கிறது. என் ஸ்மார்ட் வாட்ச் முகப்பைத் தொட்டால் நேரத்தைத் துடிப்புகளாகத் தட்டிச் சொல்லும்: மணிக்கு நீண்ட துடிப்பு, நிமிடத்துக்குக் குறுந்துடிப்பு. கூட்டத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது, கையை மேசைக்குக் கீழே வைத்து, அவருக்கும் மற்றவர்களுக்கும் தெரியாமல் நேரத்தை அறிந்துகொள்கிறேன். பேசும் கைக்கடிகாரம் வைத்திருந்த காலத்தில் அறை முழுவதும் திரும்பி என்னைப் பார்க்கிறது என்ற உணர்வு எனக்கு இருந்தது. தொடுதல் தனிமையைக் காக்கிறது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் மிகக் குறைவு.

பிரெயிலையே மணிக்கட்டுக்குக் கொண்டுவந்த கருவியும் உண்டு. தென்கொரியாவின் டாட் நிறுவனம் செய்த கைக்கடிகாரத்தில் ஆறு புள்ளிகள் அடங்கிய பிரெயில் கட்டங்கள் நான்கு இருக்கின்றன; அவற்றின் புள்ளிகள் எழுந்தும் அமிழ்ந்தும் எழுத்தைக் காட்டும். நல்ல முயற்சி. ஆனால் தமிழ்ப் பிரெயிலில், அகரம் ஏறியவை தவிர மற்ற உயிர்மெய்களின் மெய்க்கு ஒரு கட்டமும் உயிருக்கு ஒரு கட்டமுமாக எழுத வேண்டியிருப்பதால், 'தேதி' என்ற இரண்டெழுத்துச் சொல்லே அந்த நான்கு கட்டங்களையும் நிரப்பிவிடும். கட்டங்களின் எண்ணிக்கையை முடிவு செய்கிறவர்கள் ஒரே மொழியை மனத்தில் வைத்து முடிவு செய்யக் கூடாது.

இன்னும் இரண்டு சாராரை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நீரிழிவால் பார்வையை இழந்தவர்களில் பலருக்கு அதே நோய் கால்களிலும் விரல்களிலும் நரம்பின் உணர்ச்சியைக் குறைத்துவிடுகிறது. பிரெயில் அவர்கள் விரலுக்கு எட்டாமல் போகலாம்; மெல்லிய அதிர்வும் எட்டாமல் போகலாம். கருவியை உடலின் எந்தப் பகுதியில் அணிவது, எவ்வளவு வலிமையாக அதிர்வது என்பவற்றை அணிகிறவரே மாற்றிக்கொள்ள வழியிருந்தால்தான் அது அவர்களுக்குக் கருவி.

மற்றொரு சாரார் பார்வையோடு செவித்திறனையும் இழந்தவர்கள். எனக்குத் தொடுதல் ஒரு தேர்வு. அவர்களுக்கு அதுவே உலகம். ஜப்பானின் சதோஷி ஃபுகுஷிமா ஒன்பது வயதில் பார்வையையும் பதினெட்டு வயதில் செவித்திறனையும் இழந்தார். அவருடைய தாயார், மகனின் இரு கைகளிலும் மும்மூன்று விரல்களைப் பிரெயில் தட்டச்சுப் பொறியின் ஆறு விசைகளாகப் பாவித்து, அவற்றின் மேல் தட்டிப் பேசத் தொடங்கினார். 1981-ல் அந்தத் தாய் தட்டிய தட்டல் இன்று விரல் பிரெயில் என்று அறியப்படுகிறது. மகன் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். உள்ளங்கையில் தொட்டும் வருடியும் எழுத்துகளை உணர்த்தும் லோர்ம் எழுத்துமுறையைக் கையுறையில் பதித்து, தொலைவில் இருப்பவரோடும் பேச வழிசெய்யும் முயற்சி பெர்லினில் நடந்திருக்கிறது. தொடுகருவிகளுக்கான நிதியும் திறமையும் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அவர்களுக்குப் பயன்படும்படி செய்த கருவி எங்கள் எல்லோருக்கும் பயன்படும், மறுதலையாக நடப்பதில்லை.

பேசும் கருவிகளே ஏன் இவ்வளவு பெருகுகின்றன என்றும் யோசித்திருக்கிறேன். கருவியைச் சோதிக்கப் பார்வையுள்ளவர்களின் கண்ணைக் கட்டி நடக்கவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கண்ணைக் கட்டிய முதல் ஐந்து நிமிடங்களில் எவருக்கும் அச்சம்தான் மிஞ்சும். ஒரு குரல் ஓயாமல் துணைக்கு இருந்தால் தேவலை என்றே தோன்றும். எனக்கும் முதல் மாதத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் பார்வையில்லாமல் பல ஆண்டுகள் நடந்த ஒருவரின் காது வேறு, விரல் வேறு, மூளையே வேறு. பிரெயில் வாசிக்கும்போது பார்வையற்றவர்களின் மூளையில் பார்வைக்குரிய பகுதி இயங்குகிறது என்பதை 1996-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கண்ணைக் கட்டிய ஒருவரின் ஐந்து நிமிடத்தை அந்த மூளைக்கு ஈடாக வைத்து ஒரு கருவியை வடிவமைப்பது முறையாகாது. முழு இருளை மட்டும் கற்பனை செய்வதும் தவறு. உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வகையில் பார்வைக் குறை இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கொஞ்சமோ நிறையவோ பார்வை எஞ்சியிருக்கிறது. எஞ்சிய பார்வையையும் தொந்தரவு செய்யாமல், காதையும் தொந்தரவு செய்யாமல் துணைநிற்கக் கூடியது தோலில் படும் சிறு துடிப்புதான்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, இனி இத்தகைய கருவி ஒன்றைப் பற்றி உங்கள் செய்தியாளர் எழுதும்போது, அதை உருவாக்கியவரிடம் சில கேள்விகளைக் கேட்டு, கிடைக்கும் பதிலையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். பார்வையற்றவர்கள் எத்தனை பேர், எத்தனை மாதம், வீட்டுக்கு வெளியே இதை அணிந்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் இன்னும் அணிகிறார்கள்? வலிமையைக் கூட்டவும் குறைக்கவும் கருவியிலேயே, கையால் தடவிக் கண்டுபிடிக்கக்கூடிய பொத்தான் இருக்கிறதா? இணையமும் செயலியும் இல்லாமல் அது இயங்குமா? நிறுவனம் நாளை மூடப்பட்டால் பழுதுபார்க்கும் விவரங்களை வெளியிடுவார்களா? கைவிட்டவர்களைத் தேடிப்பிடித்து, ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் இன்னும் நல்லது. இழுப்பறையில் கிடக்கும் கருவியிடம்தான் அடுத்த கருவிக்கான பாடம் இருக்கிறது. என் பட்டையை எடுத்துச் சென்று பிரித்துப் பார்க்க விரும்பும் மாணவர் எவரேனும் இருந்தால், உங்கள் வழியாக அதைத் தரவும், அது எங்கே உதவியது, எங்கே தவறியது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவும் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழை நாள்தோறும் கேட்கும்
பார்வையற்ற வாசகர் ஒருவர்